நம்ம ஊரு பாகவதர்

திருச்சி என்றதும் வெளியூர்க்காரர்கள் மலைக்கோட்டை என்பார்கள், ஸ்ரீரங்கம் என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களாக இருந்தால் பெல் கம்பெனி, பொன்மலை ஒர்க்‌ஷாப் என்பார்கள். ஆனால் எண்பது வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டின் எந்த மூலையில் போய்த் திருச்சி என்று சொல்லியிருந்தாலும், எதிரில் நிற்பவர் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி வேறு. பாகவதர் வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா என்றுதான் கேட்டிருப்பார்!

எம்.கே.டி. என்று மூன்றெழுத்தில் சொன்னால் இன்றைக்கு நம் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. தியாகராஜ பாகவதர் என்று முழுசாகச் சொன்னால், அந்த நீள முடிக்காரர்தானே என்று சிரிப்பார்கள். கல்ச்சுரல்ஸ் மேடையில் கிடாரை மாட்டிக்கொண்டு தானே பாடித் தானே ஆடும் நம் சீனியர்களுக்கெல்லாம் அவர்தான் தாத்தாவுக்குத் தாத்தா என்பது அவர்களுக்கே தெரியாது. நான் இ.சி.இ. மூன்றாம் ஆண்டு மாணவன். சங்கீதம் படித்தவன் இல்லை. மைக், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்று படிக்கிறவன். அந்தப் பாடம்தான் என்னைப் பாகவதரிடம் கொண்டுபோய்விட்டது. எப்படி என்று போகப் போகச் சொல்கிறேன்.

மாயவரம் கிருஷ்ணசாமி தியாகராஜன். பிறந்தது 1910 மார்ச் 1-ம் தேதி மாயவரத்தில். இன்றைய மயிலாடுதுறை. பொற்கொல்லர் குடும்பம். பிழைப்புத் தேடித் திருச்சிக்கு வந்து பாலக்கரைப் பக்கம் தங்கிவிட்டார்கள். பையனுக்குப் பள்ளிக்கூடமும் ஏறவில்லை, பட்டறையும் ஏறவில்லை. பாட்டு, பாட்டு, பாட்டு! எங்கே பஜனை நடந்தாலும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவான். அப்பாவுக்குக் கோபம் வராமல் இருக்குமா? ஒருநாள் திட்டு பொறுக்காமல் பையன் வீட்டைவிட்டு ஓடிப்போனான் என்றும், எங்கெங்கோ தேடிக் கடைசியில் கடப்பாவில் ஒரு கூட்டத்துக்கு நடுவில் பாடிக்கொண்டிருந்தவனை அப்பா கண்டுபிடித்துக் கூட்டிவந்தார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். எவ்வளவு நிஜமோ! ஆனால் அதற்கப்புறம் அப்பா பட்டறையில் உட்காரச் சொல்லவில்லை என்பது நிஜம்.

அந்தக் காலத் திருச்சியில் எஃப்.ஜி. நடேச ஐயர் என்று ஒரு மனிதர் இருந்தார். ரயில்வே அதிகாரி. கையெழுத்துப் போடுவது ஆபீஸ் ஃபைலில், மனசு முழுக்க நாடகத்தில். ரசிக ரஞ்சன சபாவை ஆரம்பித்தவர் அவர்தான். பஜனையில் பாடிய இந்தப் பையனின் குரலைக் கேட்டவர், அப்பாவிடம் பேசி, தன்னுடைய ஹரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக நடிக்க வைத்தார். அப்போது பையனுக்குப் பத்து வயசு இருக்கும். பாம்பு கடித்துச் செத்துப்போகிற பிள்ளை வேஷம். அதில் பாடி ஊரையே அழ வைத்துவிட்டான்.

இந்த இடத்தில் இன்னொரு பையனாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாலு நாடகம், ஐந்து பாராட்டு, குரல் உடைகிற வயசில் எல்லாம் முடிந்திருக்கும். பாய்ஸ் கம்பெனிகளில் அப்படி முடிந்துபோனவர்கள் எத்தனையோ பேர். தியாகராஜனுக்கு அப்படி ஆகவில்லை. காரணம் ஒரு குரு. மதுரை பொன்னு ஐயங்கார் என்ற பிடில் வித்வான் அவருக்கு முறையாகச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். ஆறு வருஷம்! நாம் டிப்ளமோ முடிக்கிற காலத்தைப் போல இரண்டு மடங்கு. நாடகப் பயிற்சி தனியாக நடராஜ வாத்தியாரிடம். ஆறு வருஷம் கழித்து நடந்த அரங்கேற்றத்தில் பொன்னு ஐயங்காரே பிடில் வாசித்தார். கஞ்சிரா வாசித்தவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை. லய உலகத்தில் சிங்கம் மாதிரி இருந்தவர். கச்சேரி முடிந்ததும் அவர் வாயால்தான் பையனுக்குப் பாகவதர் என்ற பட்டம் வந்தது என்று சொல்வார்கள். பத்தாம் வகுப்புக்கூடத் தாண்டாதவருக்கு அது ஒரு டிகிரி மாதிரி. கடைசிவரை பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து நாடகக் கொட்டகையில் மைக் கிடையாது. ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். குழந்தை அழும், சோடாக்காரன் கத்துவான். அத்தனைக்கும் மேலே குரல் போய்க் கடைசி வரிசை மண் தரை டிக்கெட்காரன் காதில் விழ வேண்டும். தாழ்ந்த சுருதியில் பாடினால் அது முன்வரிசை தாண்டாது. அதனால்தான் அன்றைய நாடகப் பாடகர்கள் எல்லாரும் உச்ச சுருதியில் பாடினார்கள். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா அப்படிப் பாடித்தான் கொடிகட்டிப் பறந்தார். 1933-ல், முப்பது வயசுகூட ஆகாமல் அவர் போய்விட்டார். அவர் விட்டுப்போன இடத்துக்கு வந்தவர் நம்ம பாகவதர். இவருடைய குரலின் விசேஷம் என்னவென்றால், அவ்வளவு மேலே போனாலும் கத்துகிற மாதிரி இருக்காது. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். இன்றைக்கு அந்தப் பழைய ரெக்கார்டுகளை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். கீறல், இரைச்சல் எல்லாம் இருக்கும். குரல் மட்டும் அத்தனையையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும்.

மேடையில் அவருக்கு ஜோடி எஸ்.டி. சுப்புலட்சுமி. இருவரும் நடித்த பவளக்கொடி நாடகத்துக்குச் செட்டிநாட்டுப் பக்கம் நல்ல கூட்டம். அங்கேதான் டைரக்டர் கே. சுப்ரமணியம் வந்து பார்த்தார். நாடகத்தையே படமாக எடுப்பது என்று முடிவாயிற்று. 1934-ல் பவளக்கொடி படம் வந்தது. தமிழ்ப் பேசும்படம் பிறந்து மூன்றே வருஷம். பாட்டு எத்தனை தெரியுமா? சுமார் ஐம்பது! வசனம் ஊறுகாய் மாதிரி, பாட்டுத்தான் சாப்பாடு. எழுதியவர் பாபநாசம் சிவன்.

அந்தப் படம் எடுத்த விதத்தைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். அடையாற்றில் ஒரு திறந்தவெளி ஸ்டூடியோ. மின்சார விளக்குக் கிடையாது, சூரியன்தான் லைட். மேகம் வந்தால் ஷூட்டிங் நிற்கும். டப்பிங், ரீ-ரெக்கார்டிங் ஒன்றும் கிடையாது. கேமரா ஓடும்போதே நடிகர் நிஜமாகப் பாட வேண்டும். ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் கேமரா கண்ணில் படாமல் மரத்துக்குப் பின்னாலோ புதருக்குள்ளேயோ உட்கார்ந்து வாசிப்பார்கள். மைக் ஒன்றே ஒன்று. அதற்குள் பாட்டு, பக்கவாத்தியம், குருவி சத்தம், எல்லாம் போகும். மத்தியான சாப்பாட்டு நேரத்தில் காக்காய்க் கூட்டம் வந்து கத்தும் என்பதால் காக்காய் விரட்டுவதற்கென்றே துப்பாக்கியோடு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள் என்று பழைய சினிமாக்காரர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். சவுண்ட் என்ஜினீயரிங்கில் இப்படி ஒரு போஸ்ட் இருந்திருக்கிறது நண்பர்களே!

யோசித்துப் பாருங்கள். பாட்டின் நாலாவது நிமிஷத்தில் ஒரு சுரம் பிசகினால் முதலிலிருந்து எடுக்க வேண்டும். ஃபிலிம் வீண், பணம் வீண், வெயிலும் போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் முதல் தடவையே பிசகில்லாமல் பாடுகிற ஆள் கிடைத்தால் முதலாளிக்கு அவர் தெய்வம். ஆறு வருஷச் சாதகம் இங்கேதான் பலித்தது. அழகான முகம் அந்த நாளிலும் நிறைய இருந்தது. அழகான முகமும் பிசகாத குரலும் ஒரே உடம்பில் கிடைப்பதுதான் கஷ்டம். அன்றைய மெஷினுக்கு அப்படிப்பட்ட மனிதர்தான் தேவைப்பட்டார்.

1937 அவருடைய வருஷம். சிந்தாமணி, அம்பிகாபதி என்று ஒரே வருஷத்தில் இரண்டு படம். (சிந்தாமணி என்றதும் நம்ம சிந்தாமணி பஸ் ஸ்டாப்பை நினைக்க வேண்டாம்.) சிந்தாமணியை எடுத்தவர் ஒய்.வி. ராவ். தாசி வீடே கதி என்று கிடந்து பிறகு கிருஷ்ண பக்தனாகும் பில்வமங்கள் கதை. படம் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. வந்த லாபத்தில் ராயல் டாக்கீஸ்காரர்கள் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி அதற்குச் சிந்தாமணி என்று பெயரும் வைத்தார்கள். பல தலைமுறை மதுரைக்காரர்கள் படம் பார்த்த தியேட்டர். இன்று அதில் படம் ஓடுவதில்லை. அம்பிகாபதியை எடுத்தவர் எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் தெரியாது. ஆனாலும் காதல் காட்சிகளை அதுவரை யாரும் எடுக்காத மாதிரி எடுத்தார். வசனம் இளங்கோவன். வசனத்துக்காகவும் ஜனங்கள் படம் பார்க்கலாம் என்று முதல் தடவையாகக் காட்டியவர் அவர்தான். இந்த இளங்கோவன் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதற்கப்புறம் பாகவதர் வெறும் நடிகர் இல்லை, ஒரு ஜுரம்! தோள்வரை புரளும் முடிக்குப் பாகவதர் கிராப் என்றே பெயர் வந்தது. காதில் வைரக் கடுக்கன், பட்டு ஜிப்பா, அங்கவஸ்திரம், ஜவ்வாது வாசனை. என் தாத்தா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய சித்தப்பா ஒருத்தர் இந்தக் கிராப் வைத்துக்கொண்டு வீட்டில் செருப்படி வாங்கியிருக்கிறார். அந்தக் கதையைத் தாத்தா வருஷத்துக்கு நாலு தடவை சொல்வார். பாகவதர் தங்கத் தட்டில் சாப்பிட்டார், அவரைப் பார்க்கக் கூட்டம் கூடியதால் ரயில் நின்றது என்றெல்லாம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதில் எத்தனை காரட் தங்கம், எத்தனை காரட் செம்பு என்று உரசிப் பார்க்க நான் தயாரில்லை. ஒரு மனிதனைப் பற்றி இப்படிக் கதை கட்ட ஜனங்களுக்குத் தோன்றியதே, அது போதும். பணம் வந்தபிறகும் அவர் சென்னைவாசியாக மாறாமல் திருச்சியையே சொந்த ஊராக வைத்துக்கொண்டார். நமக்குப் பெருமை!

1939-ல் திருநீலகண்டர், 1941-ல் அசோக்குமார், 1943-ல் சிவகவி. எல்லாம் வெற்றி. அசோக்குமாரில் அவர் கண் பிடுங்கப்படும் இளவரசன். அந்தப் படத்தில் ஒரு சின்ன வேஷத்தில் வருகிற ஒல்லியான இளைஞர் யார் தெரியுமா? எம்.ஜி.ஆர்.! போட்டிக்குப் புதுக்கோட்டை பி.யு. சின்னப்பா இருந்தார். பாகவதர் கட்சி, சின்னப்பா கட்சி என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் அதிக தூரம் இல்லை. தமிழ்நாட்டின் இரண்டு பெரிய ஹீரோக்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே இருந்திருக்கிறார்கள்.

1944 தீபாவளி. அக்டோபர் 16. ஹரிதாஸ் ரிலீஸ். டைரக்டர் சுந்தர்ராவ் நட்கர்னி, ஜோடி டி.ஆர். ராஜகுமாரி, காமெடிக்கு என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும், இசை ஜி. ராமநாதன், பாட்டு பாபநாசம் சிவன். அப்பா அம்மாவை மதிக்காமல் ஆடித் திரிந்து, கால்களை இழந்து, பிறகு பெற்றோரையே தெய்வமாக நினைக்கிற பிள்ளையின் கதை. அதில் சாருகேசி ராகத்தில் ஒரு பாட்டு. அந்த ராகத்தின் பெயர் தெரியாதவர்களும் இன்றுவரை அந்த மெட்டை முணுமுணுக்கிறார்கள். சென்னை பிராட்வே தியேட்டரில் படம் 1944, 1945, 1946 என்று மூன்று தீபாவளியைப் பார்த்தது. இந்த ரெக்கார்டைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். ஆனால் அந்த மூன்று தீபாவளியில் ஹீரோ வெளியில் இருந்தது ஒன்றில்தான். மற்ற இரண்டு தீபாவளிக்கு அவர் ஜெயிலில் இருந்தார்.

சி.என். லட்சுமிகாந்தன் என்று ஒருவர் சென்னையில் பத்திரிகை நடத்தினார். முதலில் சினிமா தூது, அதற்கு லைசென்ஸ் போனபிறகு இந்து நேசன். நடிகர் நடிகைகளின் அந்தரங்கம் என்று எதையாவது எழுதுவதுதான் தொழில். எழுதாமல் இருக்கப் பணம் கேட்பார் என்றும் குற்றச்சாட்டு. சினிமா தூதுவின் லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லி கவர்னரிடம் மனுக் கொடுத்தவர்களில் பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு மூன்று பேரும் உண்டு. 1944 நவம்பர் 8-ம் தேதி வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். ஹரிதாஸ் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அந்த வருஷக் கடைசியில், கொலைக்குச் சதி செய்ததாகப் பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார்.

விசாரணை ஜூரிகள் முன்னால் நடந்தது. ஜூரி என்றால் சட்டம் படிக்காத சாதாரணப் பிரஜைகள். சாட்சியைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று அவர்கள் சொல்ல வேண்டும், நீதிபதி தண்டனை சொல்வார். கிரிமினல் கேஸ்களில் இந்த முறை இப்போது நம் நாட்டில் இல்லை. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று ஜூரிகளில் பெரும்பான்மையோர் சொன்னார்கள். 1945 மே 3-ம் தேதி ஆயுள் தண்டனை. ஹைகோர்ட்டில் அப்பீல் செய்தார்கள், தள்ளுபடி. மிச்சம் இருந்தது லண்டன் பிரிவி கவுன்சில் ஒன்றுதான். அப்போது நம் நாட்டுக்கு உச்ச நீதிமன்றம் அதுதான். கீழே விசாரணை நடந்த விதத்திலும் ஜூரிகளுக்குச் சட்டத்தை விளக்கிய விதத்திலும் கோளாறு இருக்கிறது என்று அங்கே முடிவாகி, அப்பீலை மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கேஸ் சென்னை ஹைகோர்ட்டுக்கே திரும்பி வந்தது. இவர்களுக்காக வி.எல். எத்திராஜ் வாதாடினார். சென்னையில் அவர் பெயரில் பெண்கள் கல்லூரி இருக்கிறதே, அதே எத்திராஜ்தான். 1947 ஏப்ரலில் தீர்ப்பு. சாட்சியங்களை நம்பித் தண்டிக்க முடியாது, இருவரும் நிரபராதிகள், விடுதலை!

லட்சுமிகாந்தனை யார் கொன்றது என்பதைப் பற்றி ஆளுக்கு ஒரு தியரி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் இறங்க விருப்பம் இல்லை. கோர்ட் நிரபராதி என்று சொல்லிவிட்டது. முடிந்தது. என் சந்தேகம் வேறு.

உள்ளே போகும்போது பாகவதருக்கு வயசு முப்பத்து நாலு. வெளியே வரும்போது முப்பத்தேழு. நடிகருக்கு அது ஒரு வயசா? குரலும் போய்விடவில்லை. பிறகு ஏன் அவரால் எழுந்திருக்க முடியவில்லை?

என் தாத்தாவைக் கேட்டால் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். கேஸுதான் அவரை அழித்தது, நல்ல மனுஷன், மனசு உடைந்துபோச்சு என்பார். ஊரில் பெரியவர்கள் எல்லாரும் இதையேதான் சொல்வார்கள். பாதி உண்மை. உள்ளே போவதற்கு முன்னால் பல படங்களுக்கு ஒப்பந்தமாகியிருந்தது. எல்லாம் போயிற்று. கேஸுக்குச் செலவு தண்ணீராக ஓடியிருக்கும். நேற்றுவரை பாட்டுக் கேட்டவன் இன்றைக்குக் கொலைக் கேஸுக்காரன் என்று பார்த்தால் யாருக்குத்தான் மனசு உடையாது?

ஆனால் அதே கேஸில், அதே தண்டனையோடு போய், அதே தீர்ப்பில் வெளியே வந்தவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். அவர் எழுந்துவிட்டாரே! 1949-ல் நல்லதம்பி, 1951-ல் மணமகள் என்று 1957-ல் காலமாகும்வரை ஜனங்கள் அவரைக் கொண்டாடினார்கள். கேஸ் ஒன்றுதான் காரணம் என்றால் அவரும் அல்லவா விழுந்திருக்க வேண்டும்? தாத்தாவிடம் இதைச் சொன்னபோது அவர் பதில் சொல்லாமல் வெற்றிலைப் பெட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

என் பதிலைச் சொல்கிறேன். நம் சிலபஸிலேயே இருக்கிறது. பாகவதர் ஜெயிலில் இருந்த நேரத்தில் மெஷின் மாறிக்கொண்டிருந்தது. பாட்டைத் தனியாக ஸ்டூடியோவில் ஒருவர் பாடிப் பதிவு செய்வது, அதைப் போட்டுவிட்டு இன்னொருவர் வாயசைத்து நடிப்பது, இதுதான் பின்னணிப் பாடல். தமிழில் 1938-ல் நந்தகுமார் படத்திலேயே ஏ.வி. மெய்யப்பன் இதைச் செய்து பார்த்துவிட்டார். அப்போது அது ஒரு அதிசயம். நாற்பதுகளின் கடைசியில் அது சாதாரணம் ஆகிவிட்டது. இதனால் என்ன ஆயிற்று? பாடத் தெரிந்தவன்தான் ஹீரோ என்ற சட்டம் செத்துப்போனது. குரல் ஒருவரிடமும் முகம் இன்னொருவரிடமும் இருந்தால் போதும். ஒரே உடம்பில் இரண்டும் வேண்டியதில்லை! அதோடு, மைக்கில் மெதுவாகப் பாடினாலே கடைசி வரிசைக்குக் கேட்கும் என்றபிறகு உச்ச சுருதி எதற்கு? அன்றைக்கு வேறு வழியில்லாமல் வளர்ந்த ஒரு திறமை இன்றைக்குப் பழைய நாடகப் பாணி என்று ஆகிவிட்டது.

இதற்குச் சாட்சி பாகவதரின் சொந்தப் படமே. விடுதலையானதும் புனாவுக்குப் போய் ராஜமுக்தி எடுத்தார். 1948-ல் வந்தது. அதில் நாயகி வி.என். ஜானகி. அவருக்காகப் பின்னணி பாடியவர் இளம்பெண் எம்.எல். வசந்தகுமாரி. சினிமாவில் அவர் குரல் முதல் முதலாகக் கேட்டது அந்தப் படத்தில்தான். ஹீரோ தன் சொந்தக் குரலில் பாடுகிறார், எதிரில் நிற்கும் ஹீரோயின் வாயசைக்கிறார்! ஒரே ஃபிரேமில் பழைய காலமும் புதிய காலமும். படத்தில் எம்.ஜி.ஆரும் உண்டு. பின்னாளில் முதலமைச்சரான இரண்டு பேர் ஒரு படத்தில் இருந்தும் அது ஓடவில்லை.

கலைவாணர் பிழைத்ததற்கும் இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. அவர் சரக்கு பேச்சு. இளங்கோவனிடம் ஆரம்பித்த வசன மோகம் அண்ணா, கலைஞர் என்று பெரிய வெள்ளமாக வந்தபோது பேசத் தெரிந்தவர்கள் மேலே மிதந்தார்கள். பாகவதர் சரக்கு பாட்டு, பக்தி, புராணம். 1952-ல் அவருக்கு அமரகவி, சியாமளா என்று இரண்டு படம் வந்தன. இரண்டும் ஓடவில்லை. அதே வருஷம் தீபாவளிக்கு, எட்டு வருஷத்துக்கு முன் ஹரிதாஸ் வந்த அதே தீபாவளிக்கு, பராசக்தி வந்தது. கோர்ட் சீனில் ஒரு புதுப் பையன் பேசிய பேச்சில் தமிழ்நாடே ஆடிப்போனது. அந்தப் பையன் பாடவில்லை. அவருக்காகப் பாடியவர் சி.எஸ். ஜெயராமன். அந்தப் பையன் யார், எந்த ஊரில் வளர்ந்தவர் என்று உங்களுக்கே தெரியும். திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த கணேசன்!

சின்னப்பா 1951-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கு இந்த அவஸ்தை இல்லை. பாகவதர் மட்டும் மிச்சம் இருந்தார். 1957-ல் தானே டைரக்ட் செய்த புதுவாழ்வு வெளிவந்தது, வந்த சுவடு தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சினிமா கைவிட்டாலும் கச்சேரி அவரைக் கைவிடவில்லை. கோயில் திருவிழா, கல்யாணம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பாலக்கரைப் பஜனையில் பாடிய பையன் மறுபடியும் சுவாமி முன்னால் பாட வந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் ஓடாத ஹீரோ என்று பரிதாபப்படுகிறோமே, அவருடைய கச்சேரியைக் கேட்டவர்கள் யாரும் அவரை அப்படிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் ஏற்கனவே உடம்பைத் தின்றுகொண்டிருந்தன. 1959 அக்டோபரில் பொள்ளாச்சியில் கச்சேரி. அங்கே யாரோ ஒருவர் சர்க்கரை வியாதியைக் குணப்படுத்துகிறேன் என்று ஒரு மருந்து கொடுக்க, அதைச் சாப்பிட்டபிறகு உடம்பு மோசமானது என்று சொல்கிறார்கள். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நவம்பர் 1-ம் தேதி காலமானார். வயசு நாற்பத்தொன்பது. மொத்தம் நடித்தது பதினாலே படம். கடைசிப் படமான சிவகாமி அடுத்த வருஷம், 1960-ல்தான் வெளியானது.

உடலைத் திருச்சிக்குக் கொண்டுவந்தார்கள். ஊரே திரண்டு நின்றது. சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம். பாடி ஜெயித்த ஹீரோவின் சமாதியும், பாடாமலே ஜெயித்த பெரிய ஹீரோ ஓடி விளையாடிய தெருவும் ஒரே பேட்டையில் இருக்கின்றன. பாகவதரின் சமாதி கவனிப்பார் இல்லாமல் கிடக்கிறது என்று பத்திரிகைகள் பல தடவை எழுதின. பிறகு அரசாங்கம் முத்தரையர், சர் ஏ.டி. பன்னீர்செல்வம் இவர்களோடு சேர்த்துப் பாகவதருக்கும் திருச்சியில் மணிமண்டபம் கட்டியது. நம்ம பஸ் பாலக்கரை தாண்டும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் ஒருநாள் இறங்கிச் சங்கிலியாண்டபுரம் வரை நடந்து பாருங்கள். அதிக தூரம் இல்லை. சமாதி எங்கே என்று கடைகளில் கேட்டால், அறுபது வயசுக்கு மேற்பட்டவர்கள் வழி சொல்வார்கள்.